ஆசைக்கும் இலைக்கும் இடையே

குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டால் தென்காசி வட்டாரத்தில் வாய்க்கு ஓய்வு கிடையாது. அருவியில் குளித்து நடுங்கியபடி வருகிறவரை மிளகாய் பஜ்ஜியும் நேந்திரம் சிப்ஸும் வழிமறிக்கும். இரவில் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் காத்திருக்கும். பசித்தவர் போய்ச் சாப்பிடுவதில் ஒரு குறையும் இல்லை. கவலை வேறு. பண்பொழியில் இரவுச் சாப்பாட்டை முடித்துப் படுத்த இளைஞர், செல்போனில் ஓடும் பரோட்டா ரீல்ஸைப் பார்த்துவிட்டு, பத்து மணிக்கு மேல் பைக்கை எடுத்துக்கொண்டு பார்டருக்குக் கிளம்புகிறார். அவரைக் கிளப்பிவிட்டது வயிறு இல்லை, கண்.

அந்தக் கண்ணை அதே செல்போனைக் கொண்டே வழிக்குக் கொண்டுவரலாம் என்கிறது இன்றைய உளவியல். கலோரி எண்ணும் ஆப், ஆசை எழும்போது குறுக்கே நிற்கும் ஆப், மனத்தைப் பழக்கும் விளையாட்டு என்று பல வடிவங்கள் வந்துவிட்டன. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. இந்த நிலையில் இவற்றை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. விளம்பரம் சொல்வதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. செல்போனால் ஆசைக்கும் கைக்கும் நடுவே கொஞ்சம் நேரத்தை வாங்கித் தர முடியும். அந்த நேரத்தை என்ன செய்வது என்பதை வீடும் ஊரும்தான் கற்றுத்தர வேண்டும். இதுவே என் துணிபு.

முதலில் நிறைகள். தின்னும் ஆசை பெரும்பாலும் மனத்தில் ஒரு படமாகவே வளர்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். சால்னாவில் ஊறிய பரோட்டாவின் படம் மனக்கண்ணில் எவ்வளவு தெளிவாக நிற்கிறதோ, அவ்வளவுக்கு ஆசை முறுக்கேறும். அந்தப் படத்துக்கு இடம் கொடுக்காமல் கண்ணுக்கு வேறு வேலை கொடுத்தால் ஆசை தணியுமா? இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 31 மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். தின்னும் ஆசையோ வேறு ஆசையோ எழும்போது மூன்று நிமிடம் டெட்ரிஸ் விளையாடியவர்களுக்கு, நூற்றுக்கு எழுபது அளவில் இருந்த ஆசை ஏறத்தாழ ஐம்பத்தாறாக இறங்கியது. 2015இல் இந்த முடிவு வெளியானது. ரீல்ஸ் எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறதோ, அதே வாசலை அடைக்கும் உத்தி இது. செலவில்லை, பட்டினி இல்லை.

இரண்டாவது நிறை, தாமதம். ‘ஒன் செக்’ என்ற ஆப், நாம் குறிப்பிட்டு வைத்த வேறு ஆப்பைத் திறக்கப் போகும்போது ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, உண்மையிலேயே திறக்க வேண்டுமா என்று கேட்கிறது. ஜெர்மனி ஆய்வாளர்கள் 280 பேரிடம் ஆறு வாரம் கவனித்ததில், திறக்கப்போனவர்கள் 36 சதவீத முறை அப்படியே திரும்பிவிட்டார்கள். ஆய்வு நடந்தது சமூக ஊடக ஆப்களை வைத்துத்தான். ஆனால் நள்ளிரவில் ஆர்டர் போடும் விரலையும் ரீல்ஸ் தள்ளும் விரலையும் ஆட்டிவைப்பது ஒரே பழக்கம். திடீர் ஆசையின் பலமே அதன் வேகத்தில்தான் இருக்கிறது. வேகம் குறைந்தால் பாதி பலம் போய்விடும்.

இனிக் குறைகள். பலரும் முதலில் தேடிப்போகும் கலோரிக் கணக்குதான் இந்த உத்திகளில் பலவீனமானது. பெங்களூரில் 2012இல் தொடங்கிய ஹெல்தி ஃபை மீ போன்ற நிறுவனங்கள் இட்லி, தோசை, சாம்பாரையெல்லாம் பட்டியலில் சேர்த்தது நல்ல பணி. ஆனால் பரோட்டாக் கடை இலையைப் பாருங்கள். அடுக்கி வைத்த சூட்டோடு இரு கைகளாலும் தட்டிப் பிரித்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றுகிறார்கள். இது முடியும் முன்பே அடுத்தது வந்து விழுகிறது. பிய்த்துப் போட்டபின் எத்தனை பரோட்டா என்பதே இலையில் தெரியாது. மாவில் சேர்ந்த எண்ணெய் எவ்வளவு, கல்லில் விட்டது எவ்வளவு என்று ஆப்புக்கு எப்படித் தெரியும்? அது காட்டும் எண் ஒரு குத்துமதிப்பு. அதை நம்பி இன்னும் ஒன்றுக்கு இடமிருக்கிறது என்று சாப்பிடுவது ஆபத்து.

எண்ணிக்கை சிலரை நோயிலும் தள்ளக்கூடும். உண்ணுதல் கோளாறு உள்ள 105 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், முக்கால்வாசிப் பேர் கலோரி ஆப் பயன்படுத்தியவர்கள். அவர்களில் 73 சதவீதத்தினர், தங்கள் கோளாறுக்கு அதுவும் ஒரு காரணம் என்றார்கள். வளர் இளம்பெண்கள் கையில் இந்த ஆப்களைக் கொடுக்குமுன் பெற்றோர் யோசிக்க வேண்டும்.

அறிவியல் அடித்தளத்திலும் விரிசல் உண்டு. டெட்ரிஸ் ஆய்வில் ஆட்கள் குறைவு. அளந்ததும் அவர்களே சொன்ன ஆசையின் அளவைத்தான். உணவு உளவியலில் பெரும்புகழ் பெற்ற கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்கின் ஆறு கட்டுரைகளை ஜாமா இதழ்க் குழுமம் 2018இல் ஒரே நேரத்தில் திரும்பப் பெற்றது. ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று எந்த ஆப் சொன்னாலும், எத்தனை பேரிடம், எத்தனை நாள் என்று கேட்பது நம் உரிமை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இந்த முறை மனிதரைத் தனியாளாகப் பார்ப்பது. நம்மூரில் உணவு தனியாள் விஷயமா? பண்பொழி திருமலை முருகனுக்குச் சஷ்டி விரதம் இருப்பவர், கடைவீதியில் மணம் வீசும்போது மனத்தோடு மல்லுக்கட்டுவதில்லை. இன்ன நாளில் இன்னது கிடையாது என்பது முன்பே முடிவானது. வீட்டுக்கே தெரியும், அடுப்படியும் அதற்கேற்பவே இயங்கும். ‘இப்படி நேர்ந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே தீர்மானிப்பவர்கள் சொன்னதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதினார். விரதம் அந்த வேலையை நெடுங்காலமாகச் செய்கிறது. அதற்கும் குறை உண்டு: விரதம் முடிந்த மறுநாள் இரு மடங்காகத் தின்று தீர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் முன்முடிவு, உடன் நிற்கும் குடும்பம் என்ற இரண்டும் எந்த ஆப்பாலும் தனியே தந்துவிட முடியாதவை.

ஆகவே கொள்ள வேண்டியதைக் கொண்டு, தள்ள வேண்டியதைத் தள்ளுவோம். தாமதமும் திசைதிருப்பலும் நல்லவை; கலோரிக் கணக்கு மருத்துவர் சொன்னால் மட்டும் போதும். உணவு ஆப்களின் தள்ளுபடி அறிவிப்பை இன்றே அணைத்துவிடுங்கள். உணவு ரீல்ஸ் வந்தால் ‘ஆர்வமில்லை’ என்று அழுத்துங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் ஆசை வந்தால் என்ன செய்வது என்பதைப் பகலிலேயே, வீட்டாரோடு பேசி, ஒரே வரியில் முடிவு செய்யுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து சர்க்கரை பார்க்கும் தன்னார்வலர்கள், மாத்திரை தரும்போதே இந்த ஒரு வரியையும் கேட்டுப் பதிந்தால் அரசுக்குப் பெரிய செலவில்லை. சீசனுக்குப் பார்டருக்குப் போங்கள், பசியோடு போங்கள், குடும்பத்தோடு போங்கள். போகலாமா என்பதை முடிவு செய்யும் உரிமையை மட்டும் செல்போனிடம் விட்டுவிடாதீர்கள்.