குளியலறைத் திருத்தம்: சென்னைக் கணக்கும் யாழ்ப்பாணக் கணக்கும்

எட்டடி நீளம், ஐந்தடி அகலம். அம்பத்தூரில் முப்பது வருஷப் பழைய அடுக்குமாடி வீடானாலும் கொழும்பு வெள்ளவத்தையில் அதே வயதுள்ள தொடர்மாடி வீடானாலும் குளியலறை இந்த அளவை ஒட்டித்தான் இருக்கும். தரை 40 சதுர அடி. நான்கு சுவரும் சேர்ந்து 26 அடி ஓட்டம். ஏழடி உயரத்துக்கு ஒட்டினால் 182. கதவுக்குப் பதினெட்டைக் கழித்தால் மிச்சம் 164. தரையும் சுவருமாக 204 சதுர அடி. வெட்டிலும் உடைசலிலும் போவதற்குப் பத்து விழுக்காடு கூட்டினால் ஏறத்தாழ 225 சதுர அடி டைல்ஸ் வாங்க வேண்டும். இது வரைக்கும் கணக்கு இரண்டு நாட்டுக்கும் பொது. இதற்கு மேல் வருவதெல்லாம் வேறு வேறு.

தமிழ்நாட்டில் முதல் செலவுத் திட்டம் பெரும்பாலும் டைல்ஸ் கடையில்தான் உருவாகிறது. குடும்பமே கிளம்பிப் போகும். கீழே டார்க், மேலே லைட், நடுவே ஹைலைட்டர் என்று கடைக்காரர் சுவரைப் போலவே அடுக்கிக் காட்டுவார். குஜராத்தின் மோர்பியில் தொழிற்சாலைகள் நெருக்கியடித்து நிற்பதால் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. 2017 நவம்பரில் டைல்ஸின் ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்த பிறகு, சதுர அடி ஐம்பது, அறுபது ரூபாய்க்கே பார்வையான சரக்குக் கிடைக்கிறது. அறுபது ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம்: 225 சதுர அடிக்கு 13,500. ஆனால் அந்தக் குளியலறையை உடைத்து, குழாய் மாற்றி, கிளாசட், பேசின், கீசர், கதவு வரை முடித்தெழும்போது நடுத்தரத் தரத்திலேயே ஒன்றேகால் லட்சம் ரூபாயை ஒட்டி வந்து நிற்கும். டைல்ஸ் அதில் பத்தில் ஒரு பங்குதான். வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தில் அதன் பங்கு பத்தில் ஒன்பது.

இந்தத் தலைகீழ் விகிதத்தைத்தான் நான் தமிழ்நாட்டு முறையின் பெரிய கோளாறு என்பேன். சதுர அடிக்கு நாற்பது ரூபாய் கூடப் போட்டு ‘கொஞ்சம் நல்லதா’ ஒன்றை எடுத்துவிட்டால் ஒன்பதாயிரம் ஏறிவிடும். அந்த ஒன்பதாயிரத்தை எங்காவது குறைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பொருளில் யாரும் குறைப்பதில்லை. குறைவது நீர்க்கசிவுத் தடுப்பு. பழைய ஜிஐ குழாயை முழுக்க எடுக்காமல், கெட்ட துண்டை மட்டும் வெட்டி இணைத்துவிடலாம் என்று பிளம்பர் சொல்வார். அந்த யோசனை அப்போது தேன் போல இனிக்கும். 1980களிலும் 90களிலும் கட்டிய சென்னை அடுக்குமாடிகளில் அந்த ஜிஐ குழாய் உள்ளே துருவேறி, துளை பாதியாய்ச் சுருங்கிக் கிடக்கிறது. சுவரை ஒரு முறை உடைத்த பிறகும் அதை மாற்றாமல் புது டைல்ஸ் ஒட்டுவது, மூன்று நாலு வருஷத்தில் அதே டைல்ஸை உடைப்பதற்கு முன்பணம் கொடுத்து வைப்பதுதான்.

அடுக்குமாடியில் இன்னொரு சிக்கல் உண்டு. குளியலறைத் தளம் ஓரடி போலத் தாழ்த்தி வார்க்கப்பட்டிருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் கழிவுக் குழாய்களைப் போட்டு, செங்கல் உடைசலால் நிரப்பி, மேலே தரை போட்டிருப்பார்கள். இணைப்பு ஒன்று ஒழுகினால் அந்தப் பள்ளம் மெல்ல மெல்லத் தொட்டியாகிவிடும். முதலில் தெரிவது நம் வீட்டில் அல்ல, கீழ்வீட்டுக்காரர் கூரையில். எனவே பள்ளத்தின் நிரப்பை முழுக்க அள்ளி எடுப்பதா வேண்டாமா என்பதுதான் அடுக்குமாடிச் செலவுத் திட்டத்தின் முதல் கேள்வி. எடுத்தால் கூலி, ராபிஷ் வண்டிச் செலவு, லிஃப்டில் மூட்டை இறக்கச் சங்கத்தின் அனுமதி என்று வரிசையாக வரும். எடுத்தபின் நீர்க்கசிவுத் தடுப்புப் பூசி, ஒரு நாளோ இரண்டு நாளோ தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்க்காமல் மேலே போகக் கூடாது. அந்த இரண்டு நாள் கூலி வீணாகிறதே என்று கொத்தனார் முணுமுணுப்பார். கொடுத்துவிடுங்கள்.

இனி இலங்கை. இன்று இரண்டு நாட்டிலும் டைல்ஸ் மேல் வரி ஒரே எண்தான்: அங்கே ஜிஎஸ்டி 18, இங்கே வற் 18. அதை வைத்து விலையும் கிட்டத்தட்ட ஒன்றாயிருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஓர் இந்திய ரூபாய் ஏறத்தாழ மூன்றரை இலங்கை ரூபாய். உள்ளூர்த் தயாரிப்பைச் சதுர அடி நானூறு ரூபாய்க்கு எடுப்பதாகக் கொண்டால் அதே 225 சதுர அடிக்கு 90,000 ரூபாய். இந்தியக் காசில் 25,000க்கு மேல். சென்னைக் கணக்கைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஐம்பது கிலோ சீமெந்துப் பை இங்கே இரண்டாயிரத்தை ஒட்டி நிற்க, தமிழ்நாட்டில் நானூறு இந்திய ரூபாய் அளவில் கிடைக்கிறது. 2025 செப்டெம்பரில் இந்தியா சீமெந்தின் ஜிஎஸ்டியையும் 28லிருந்து 18 ஆக இறக்கிவிட்டது. இருந்தாலும் ஒரு குளியலறைக்குச் சீமெந்து பத்துப் பைக்குள் அடங்கும். சீமெந்து விலையைப் பேசிப் பேசியே மாய்வதில் பொருளில்லை. டைல்ஸும் பீங்கான் சாமான்களும்தான் இங்கே கணக்கைத் தூக்குகின்றன. எஹெலியகொடவிலும் ஹொரணவிலும் ரொசெல், ரணாலவில் லங்கா டைல்ஸ் என்று தொழிற்சாலைகள் உண்டு; 2013க்குப் பிறகு இவை ஒரே குழுமத்தின் கீழ். வெளியிலிருந்து வரும் சரக்குக்குச் சுங்கத்தோடு செஸ் வரியும் உண்டு. மோர்பியின் நெரிசல் கொடுக்கும் மலிவை இந்தச் சந்தையில் எதிர்பார்க்க முடியாது.

ஆனால் இலங்கைக் கணக்கைக் குலைப்பது விலை உயர்வாக இருப்பதைவிட விலை நிற்காமல் இருப்பதுதான். 2020இல் அந்நியச் செலாவணியைக் காக்க டைல்ஸ், கொமட், பேசின் இறக்குமதியை நிறுத்தினார்கள். உள்ளூர்த் தொழிற்சாலைச் சரக்குக்குப் பெயர் பதிந்து காத்திருக்க வேண்டி வந்தது. 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்க விடப்பட்டதும் டொலர் இருநூறிலிருந்து சில வாரங்களில் முந்நூற்று அறுபதை எட்டியது. எட்டு விழுக்காடாயிருந்த வற் வரி அதே வருஷம் 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆயிற்று. வங்கிக் கடன் வட்டி 20 விழுக்காட்டையும் தாண்டியது. இறக்குமதித் தடை 2023இல்தான் தளர்ந்தது. மாசியில் போட்ட மதிப்பீட்டை ஆனியில் எடுத்துப் பார்த்தவர்கள் அதை மடித்து வைத்துவிட்டு வேலையையே நிறுத்தினார்கள்.

வடக்கில் இந்தப் பாடம் 2022இல் புதிதாய்ப் படித்ததல்ல. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் மூடப்பட்டது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சீமெந்து தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. கையில் காசு இருக்கும்போது பொருளை வாங்கிப் போட்டுவிட வேண்டும், வேலை பிறகு நடக்கட்டும் என்ற பழக்கம் அங்கே ஊறிப் போனதற்கு அந்த ஆண்டுகளும் காரணம் என்றே நினைக்கிறேன். இன்றைக்கும் யாழ்ப்பாணத்து வீடுகளில் விறாந்தை மூலையிலோ கட்டிலுக்கு அடியிலோ மாபிள் (டைல்ஸை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பெட்டிகள் ஒரு வருஷம் இருந்தாலும் யாரும் அதிசயப்படுவதில்லை. சென்னைக்காரர் இதைப் பார்த்தால் பணத்தை முடக்கி வைத்திருப்பதாகச் சிரிப்பார். விலை ஏறிக்கொண்டே போகும் நாட்டில் பெட்டியில் இருக்கும் மாபிள்தான் சேமிப்பு. இதில் ஓர் அருமையான பக்கவிளைவும் உண்டு: முழுத் தேவையையும் ஒரே தடவையில் வாங்கிவிடுவதால் நிறம் மாறாது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஷேட் எண் மாறினால் அதே பெயர், அதே அளவு மாபிள்கூடச் சுவரில் வேறாகத் தெரியும். ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தைத் தமிழ்நாட்டுக்காரர்கள் தாராளமாகக் கடன் வாங்கலாம். வாங்கிப் போடக்கூடாதது சீமெந்து. மூன்று மாதம் தாண்டினால் அது பலத்தை இழக்கும். தட்டினால் கல் போல இருக்கும் பையை உடைத்துக் கலந்து தரை போட்டவர்களும் உண்டு. அந்தத் தரையில் கால் வைக்க நான் தயங்குவேன்.

கூலியில் ஓர் ஆச்சரியம். பொருள் விலையில் இவ்வளவு வித்தியாசம் இருந்தும் நாட்சம்பளம் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாக வந்து நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் மேசனுக்கு நாலாயிரம் என்றால் இந்தியக் காசில் 1,150க்குக் கொஞ்சம் குறைவு. சென்னையில் கொத்தனாரும் அதையொட்டித்தான் கேட்கிறார். 2022இல் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வேலை தேடி நாட்டை விட்டுப் போனார்கள். மிஞ்சியிருக்கும் நல்ல மேசனுக்குக் கிராக்கி. ஒருவரிடம் முற்பணம் வாங்கி இன்னொருவர் வீட்டில் நிற்பார். சென்னையில் டைல்ஸ் ஒட்ட வடமாநிலத்துக் குழுக்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. சதுர அடிக் கூலியில் வந்து மூன்று நாளில் ஒட்டிவிட்டுப் போவார்கள். வேகம் உண்டு, ஆனால் தரையின் வாட்டத்தை அவர்கள் போகுமுன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் மேசன் நாட்சம்பளத்துக்கு வருவதால் வேலை இழுக்கும். வாட்டம் மட்டும் பெரும்பாலும் சரியாயிருக்கும். பத்து மணிக்கும் மூன்றரைக்கும் தேத்தண்ணியும் கடியும் வீட்டுக் கணக்கில்தான். வேலை நீண்டால் அதுவும் ஒரு தொகையாகிவிடும்.

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ‘பாத்ரூம் திருத்துகிறோம்’ என்றால் பல வேளைகளில் பழையதை உடைப்பதாக இராது. கிணற்றடியில் குளித்து, வளவின் மூலையில் கக்கூசு வைத்திருந்த வீடு, வயதான அம்மாவுக்காக அறையோடு சேர்த்து ஒன்று கட்டும். அப்போது செலவின் பெரும்பங்கு சுவருக்கு வெளியே போய்விடுகிறது. புதிதாக மலக்குழி வெட்ட வேண்டும். காணி பிரிந்து பிரிந்து இரண்டு பரப்பாகச் சுருங்கிய பிறகு நம் குழிக்கும் நம் கிணற்றுக்கும் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் இடையில் தூரம் போதாது. குடாநாட்டு நிலத்தடி சுண்ணாம்புக் கல்; வெடிப்பும் பொந்துமான அந்தக் கல் வழியே கழிவு தாராளமாகக் கிணற்றுக்கு இறங்கும். அடியில்லாத குழிக்குப் பதில் அடைத்த தொட்டி கட்டச் சொன்னால் செலவு கூடும் என்கிறார்கள். கூடத்தான் செய்யும். மாபிளில் குறைத்தாவது அதைக் கட்டுவதே நியாயம், குடிப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பதால். சென்னையின் பாதாளச் சாக்கடை இணைப்புள்ள வீட்டுக்காரருக்கு இந்தக் கவலையே தோன்றாது. அதே சுண்ணாம்பு, குழாய்த் திருகுகளிலும் ஷவர் தலையிலும் வெள்ளையாய்ப் படிந்து அடைக்கும். சென்னைப் புறநகரின் போர்த் தண்ணீரும் அப்படித்தான். ஆகவே இரண்டு ஊரிலும் பளபளப்பைப் பார்த்து வாங்கும் மலிவுத் திருகைவிட, கனமான பித்தளைத் திருகு சில வருஷம் கூட நிற்கும்.

காசு யாருடையது என்பதிலும் வேறுபாடு பெரிது. தமிழ்நாட்டில் திருத்துபவரே கட்டுபவர். நகைக்கடனோ சீட்டுப் பணமோ வங்கிக் கடனோ மாதத் தவணையாக அவர் சம்பளத்திலிருந்தே போகும். பழைய வருமான வரி முறையில் இருப்பவருக்கு, குடியிருக்கும் வீட்டைத் திருத்த வாங்கிய கடன் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவும் உண்டு. யாழ்ப்பாணத்தில் பணம் ரொறன்ரோவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வருகிறது. தம்பி குடும்பம் கோயில் திருவிழாவுக்கு வர முதல் கொமட்டும் ஷவரும் ஏறிவிட வேண்டும். திகதி கொடி­யேற்றத்தோடு முடிச்சுப் போடப்பட்டிருப்பதால் அவசரம் எல்லாவற்றையும் விலை ஏற்றிவிடும். அனுப்புபவர் பார்ப்பது வட்ஸ்அப்பில் வரும் படம். படத்தில் விழுவது மாபிள். அங்கே கண்ணுக்குத் தெரியாதது கீழே போன குழாய் மட்டுமல்ல, வேலையே. சென்னைக்காரர் கடையில் செய்யும் தவறை இவர்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்திலிருந்து செய்கிறார்கள்.

இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொமட் இருந்த இடத்திலேயே இருக்கும்வரை செலவு கட்டுக்குள் நிற்கும். வாஸ்துக்காகவோ அழகுக்காகவோ நாலடி தள்ளிவைத்தால் நாலங்குலக் கழிவுக் குழாய்க்கு வாட்டம் கிடைக்கத் தரையையே உயர்த்த வேண்டி வரும். கடைக்குப் போகுமுன், முடித்த சுவரிலிருந்து கழிவுக் குழாயின் நடு வரைக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். அந்த ஓர் எண் இல்லாமல் வாங்கிய கிளாசட்டைத் திருப்பிக் கொடுக்க எந்த ஊரிலும் கடைக்காரர் லேசில் சம்மதிப்பதில்லை.

உடைத்த கல்லை யாழ்ப்பாணத்தில் வளவின் பள்ளத்தில் கொட்டி மூடிவிடலாம். சென்னையில் வரும் ராபிஷ் வண்டிச் செலவு அங்கே இல்லை.

எந்த ஊரில் திருத்தினாலும் ஒழுங்கை மாற்றிப் போடுங்கள். குழாய், நீர்க்கசிவுத் தடுப்பு, கழிவுத் தொட்டி மூன்றுக்கும் காசை முதலில் ஒதுக்கி, மொத்தத்தில் ஏழில் ஒரு பங்காவது எதிர்பாராததற்கு வைத்து, மிச்சத்தில் எவ்வளவு விலை மாபிள் வருமோ அதை எடுங்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள் உண்டு: முடிந்த குளியலறையின் படம் வேண்டாம். மாபிள் பதிக்க முதல், குழாய் போட்ட வெறுஞ்சுவரையும் தண்ணீர் கட்டி நிற்கும் தரையையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அது வந்த பிறகு அடுத்த தவணையை அனுப்புங்கள்.