பாட் மார்ட்டினோ: கதையும் இசையும்

கலைஞர் ஒருவரின் வாழ்க்கைக் கதை அவருடைய கலையை விழுங்கிவிடுவது உண்டு. பீத்தோவன் என்றதும் செவிப்புலன் இழந்தவர் என்பது நம் எல்லாருக்கும் நினைவுக்கு வருகிறது. நான்கு நரம்பிசைக் கருவிகளுக்கென்று தம் இறுதி ஆண்டுகளில் அவர் இயற்றிய படைப்புகளைக் கேட்டவர்களோ நம்மிடையே மிகச் சிலரே. அமெரிக்க ஜாஸ் கிட்டார் கலைஞர் பாட் மார்ட்டினோவுக்கும் இதே நிலை வாய்த்தது. 2021 நவம்பர் முதல் நாள், நாம் அனைத்துப் புனிதர் பெருவிழாவைக் கொண்டாடும் அன்று, தெற்கு பிலடெல்பியாவில் தாம் வளர்ந்த வீட்டிலேயே 77ஆம் வயதில் அவர் காலமானார். அவரைப் பற்றிப் பேசுவோர் இன்றும் முதலில் சொல்வது மூளை அறுவையையும் மறதியையும்தான். இசை இரண்டாமிடத்திற்குத் தள்ளப்படுகிறது. அவரை மனமார வியக்கும் நாம், அந்த வியப்பு எதன்மீது நிற்கிறது என்பதை ஆராய்ந்து பார்க்க விழைகிறோம்.

கதையை முதலில் சொல்லிவிடுவோம். 1944இல் பிறந்தபோது அவர் பெயர் பாட் அஸாரா. குடும்பம் இத்தாலிய வழி வந்தது, தந்தை பாடகர். டென்னிஸ் சாண்டோல் என்னும் ஆசிரியரிடம் சிறுவன் இசை பயின்றான். அதே ஆசிரியரிடம் பயின்ற மூத்த மாணவர் ஜான் கோல்ட்ரேன்; சாக்ஸபோன் இசையின் போக்கையே மாற்றிய மேதை. அவர் இச்சிறுவனை அழைத்துச் சென்று சூடான சாக்லேட் பானம் வாங்கித் தந்ததை மார்ட்டினோ முதுமையிலும் நினைவுகூர்ந்தார். 15 வயதில் இசையே தொழிலாயிற்று. பதின்பருவம் முடியும் முன்னரே நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்குச் சென்று, வில்லிஸ் ஜாக்சன், ஜாக் மக்டஃப் முதலிய கறுப்பினக் கலைஞர்களின் குழுக்களில் வாசித்தார். இரவு விடுதிகளில், களைத்து வந்தவர்களை ஆடவைக்கும் ஆர்கன் இசைக்குழுக்கள் அவை. அங்கே தாளம் தவறினால் மன்னிப்பில்லை. மார்ட்டினோவின் இசைக்கு இறுதிவரை முதுகெலும்பாக நின்றது அந்தப் பயிற்சியே என்பது நம் கருத்து.

1967இல் 'எல் ஓம்ப்ரே' என்ற முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது வயது 22. அடுத்த பத்தாண்டுகளில் புகழ் வளர்ந்தது. உடன் நோயும் வளர்ந்தது. கடும் தலைவலி, வலிப்பு, நினைவு தடுமாற்றம். மருத்துவர்கள் மனநோய் என்று கருதி மின்னதிர்ச்சிச் சிகிச்சை வரை சென்றனர். உண்மையில் மூளையின் இடப்பக்கத்தில் நாளங்களும் சிரைகளும் பிறவியிலேயே பின்னிச் சிக்கலாகிக் கிடந்தன. 1980இல் அச்சிக்கலில் குருதி கசிந்து உயிருக்கே இடர் நேர்ந்தபோது, பிலடெல்பியாவில் டாக்டர் ஃபிரெடரிக் சிமியோனே அறுவை செய்து அவரைக் காத்தார். இடப்பக்கப் பொட்டு மடலின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. கண் விழித்தபோது பெற்றோரையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தாம் கிட்டார் கலைஞர் என்பதும் தெரியவில்லை.

பெற்றோர் இல்லத்தில் தந்தை மகனின் பழைய இசைத்தட்டுகளை ஓயாமல் ஓடவிட்டார். அந்த ஒலி மகனுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. தம்மிடம் எதையோ எதிர்பார்க்கும் ஒரு வற்புறுத்தலாகவே பட்டது. ஆண்டுகள் சென்றபின் கிட்டார் மெல்ல மெல்லக் கைக்கு வந்தது. 1987இல் நியூயார்க்கில் 'ஃபேட் டியூஸ்டேஸ்' என்னும் விடுதியில் மேடையேறினார். அந்நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு 'தி ரிட்டர்ன்', அதாவது 'மீள்வருகை', என்ற பெயரில் வெளிவந்தது.

தம் இசைத்தட்டுகளையே ஆசிரியராகக் கொண்டு, ஒன்றும் அறியாத நிலையிலிருந்து, தம்மைத் தாமே மறுபடி கற்றவர் என்பதுதான் உலகம் அறிந்த கதை. அழகிய கதை. ஆயின் அது முழுமையானதா என்பதில் நமக்கு ஐயம் உண்டு. நடந்தவற்றை நினைவுகூரும் ஆற்றல் வேறு, கை அறிந்த திறனைக் காக்கும் ஆற்றல் வேறு என்பதை மருத்துவ உலகம் நெடுநாளாக அறிந்திருக்கிறது. 1953இல் மூளை அறுவைக்கு உட்பட்ட ஹென்றி மொலைசன் என்பவர் அதன்பின் எந்தப் புதிய நிகழ்ச்சியையும் நினைவில் நிறுத்த இயலாதவரானார். அவரிடம் கண்ணாடியில் பார்த்து வரையும் பயிற்சியைப் பிரெண்டா மில்னர் என்னும் அறிஞர் நாள்தோறும் கொடுத்தார். பயிற்சி செய்தது அவருக்கு நினைவில்லை. கை மட்டும் நாளுக்கு நாள் தேர்ந்தது. மார்ட்டினோவின் விரல்களும் எதையோ காத்து வைத்திருந்தன என்று கொள்வதே பொருத்தம். இதனால் அவர் பெருமை குறையாது. தாம் யார் என்று அறியாத ஒருவர், தம் கைக்குள் ஓர் அந்நியன் இருப்பதைக் கண்டு, அவனோடு ஒத்துவாழக் கற்றுக்கொண்டார் என்பது, வெறுமையிலிருந்து கற்றார் என்பதைவிடக் கடினமான செய்தி.

இனி இசைக்கு வருவோம். ஜாஸ் இசையில் கலைஞர் முதலில் ஒரு மெட்டை வாசித்து, பிறகு அதன் அடித்தளத்தின்மீது அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிப்பார். நம் கற்பனைச் சுரத்துக்கு ஓரளவு நெருக்கமானது எனலாம். ஆனால் இங்கே கீழே ஓடும் சுரக்கூட்டுகள், நம் ஆலயப் பாடகர் குழு இளைஞர்கள் 'கார்டு' என்பவை, மாறிக்கொண்டே இருக்கும். மேலே ஓடும் இசைவரி அம்மாற்றங்களுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

மார்ட்டினோவின் விடை நீண்ட விடை. மூச்சு விடாமல், சமமான சிறு சுரங்களாக, ஒரே ஓட்டமாகப் பாயும் இசைவரி அவருடையது. பிறர் பயன்படுத்துவதைவிட மிகத் தடித்த தந்திகளைப் பூட்டி, மீட்டுகோலால் அழுத்தி வாசிப்பார். அதனால் ஒவ்வொரு சுரமும் கருமையாக, கனமாக, ஆணி அடித்தாற்போல் விழும். அவர் போற்றிய வெஸ் மான்ட்கோமரி கட்டைவிரலால் மீட்டி வெல்வெட்டுத் துணி போன்ற ஒலியை எழுப்பியவர். சீடர் குருவின் எண்மச் சுர உத்தியை எடுத்துக்கொண்டு, ஒலியை இரும்பாக்கிக்கொண்டார்.

1972இல் மேடையில் பதிவான 'சன்னி' என்ற பாடலைக் கேளுங்கள். எல்லாருக்கும் தெரிந்த எளிய மெட்டு. நடுவே ஒரு சின்னஞ்சிறு சுரச்சுழலைப் பிடித்துக்கொள்கிறார், விடுவதில்லை. கீழே கார்டுகள் மாறுகின்றன, தாளம் தள்ளுகிறது, இவரோ அதே சுழலில் நிற்கிறார். முதலில் வேடிக்கை, பிறகு எரிச்சல், பிறகு ஒரு கட்டத்தில் கேட்பவர் மூச்சும் அதனோடு நின்றுவிடுகிறது. சுழலை உடைத்துக்கொண்டு இசைவரி வெளியே பாயும்போது உண்டாகும் விடுதலை வேறெந்தக் கிட்டார் பதிவிலும் நமக்குக் கிட்டியதில்லை.

அவரிடம் குறையில்லையா? உண்டு. இந்த இடையறாத ஓட்டமே சில வேளைகளில் சுமையாகிறது. மௌனத்திற்கு இடம் தராத சொற்பொழிவாளரைப் போல, அவர் சில தட்டுகளில் நம்மைக் களைக்கச் செய்கிறார். (மறையுரை ஆற்றுவோர் இதைக் கேட்டுப் பயனடையலாம், நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.) இதற்கு மாற்றாக நிற்பது 1976இல் வந்த 'வீல் பி டுகெதர் அகேன்'. கில் கோல்ட்ஸ்டீன் மின்பியானோ வாசிக்க, இருவர் மட்டுமே அமர்ந்து மெதுவான பாடல்களை வாசிக்கிறார்கள். விரைவால் பெயர் பெற்றவர் விரைவைக் கீழே வைத்துவிட்டுப் பேசும் தட்டு அது. அறுவைக்கு முந்திய அவருடைய பதிவுகளில் நாம் முதலிடம் தருவது இதற்கே.

'மீள்வருகை' பற்றி வெளிப்படையாகவே பேச வேண்டும். அத்தட்டைக் குறித்து எழுதுவோர் இரக்கத்தால் கண் கலங்கி எழுதுகின்றனர். கிட்டார், பாஸ், டிரம்ஸ் என்ற மூவர் குழு. நீண்ட நான்கு பாடல்கள். ஓட்டம் இருக்கிறது, விரல்கள் பழுதின்றி இயங்குகின்றன. ஆனால் ஒலியில் ஒரு பதற்றம். தம் பழைய உருவத்தை எட்டிப் பிடிக்க ஓடும் மனிதரையே அதில் கேட்கிறோம். வந்து சேர்ந்தவரை அல்ல. நோயுற்றிருந்தவர் என்பதற்காக அதைத் தலைசிறந்தது என்று சொல்வது அவரைக் கலைஞராக மதிப்பது ஆகாது. மருத்துவமனைகளில் நோயாளரைச் சந்திக்கும் பணியில் நாம் பலகாலம் கண்ட உண்மை இது: நோயைக் கொண்டே ஒருவரை அழைக்கத் தொடங்கினால், அவர் முகம் விரைவில் மறைந்துவிடும்.

வந்து சேர்ந்த மார்ட்டினோவை 2001இல் வெளியான 'லைவ் அட் யோஷிஸ்' தட்டில் சந்திக்கலாம். அதே பிலடெல்பியாவின் மைந்தர் ஜோயி டிஃபிரான்செஸ்கோ ஆர்கன், பில்லி ஹார்ட் டிரம்ஸ். ஹார்லெம் இளமைப்பருவத்தின் ஆர்கன் குழு மீண்டும் கூடியதைப் போன்ற அமைப்பு. இங்கே பதற்றம் இல்லை. தன்னைவிட இருபத்தேழு வயது இளையவரான டிஃபிரான்செஸ்கோ எவ்வளவு துள்ளினாலும், மூத்தவர் சிரித்தபடி ஈடுகொடுக்கிறார். 2017இல் வந்த 'ஃபார்மிடபிள்' தட்டில், 50 ஆண்டுகளுக்கு முன் பதிந்த 'எல் ஓம்ப்ரே' மெட்டை மறுபடி வாசிக்கிறார். இளைஞர் வாசித்தபோது அது ஓர் அறைகூவல். முதியவர் வாசிக்கையில், நன்கு அறிந்த தெருவில் நடப்பவரின் நிதானம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது, எந்த வாழ்க்கை வரலாற்றையும் விடத் தெளிவாக அவரை நமக்குக் காட்டும்.

ஆசிரியராக அவர் செய்ததும் சிறிதன்று. 1983இல் 'லீனியர் எக்ஸ்பிரஷன்ஸ்' என்ற பயிற்சி நூல் வந்தது. எந்தக் கார்டு வந்தாலும் அதை அதற்கு உறவான ஒரு மைனர் கார்டாக மனத்தில் மாற்றிக்கொள். பிறகு அந்த ஒன்றில் உனக்குத் தெரிந்ததையெல்லாம் வாசி என்பது அவர் முறை. நூறு பூட்டுகளுக்கு நூறு சாவி தேடிய மாணவருக்கு ஒரே சாவியை நீட்டினார். கிட்டாரின் அமைப்பிலிருந்தே இன்னொன்றும் கண்டு காட்டினார். சமதூரத்தில் நிற்கும் நான்கு சுரங்களாலான 'டிமினிஷ்டு' கார்டில் ஏதேனும் ஒரு சுரத்தை அரைச்சுரம் கீழே இறக்கினால், ஒரு 'டாமினண்ட் செவன்த்' கார்டு பிறக்கிறது. நான்கு சுரங்களில் ஒவ்வொன்றாக இறக்க, நான்கு கார்டுகள். அவ்வாறே மூன்று சுரங்களாலான 'ஆக்மென்டட்' கார்டில் ஒன்றை இறக்கினால் மேஜர், ஒன்றை ஏற்றினால் மைனர். தாய் ஒன்று, பிள்ளைகள் பல. பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவர்கள் இன்று மாலையே இதைச் செய்து பார்க்கலாம். நமக்குக் காட்டியவரும் அப்படி ஓர் இளைஞரே.

பிலடெல்பியாவின் கலைப் பல்கலைக்கழகத்திலும் அவர் கற்பித்தார். அந்நிறுவனம் 2024இல் மூடப்பட்டுவிட்டது. பிற்காலத்தில் சீனரின் ஈ சிங் நூலையும் வடிவியல் உருவங்களையும் கிட்டாரோடு இணைத்து அவர் வரைந்த படங்கள் நம்மைக் கவரவில்லை. இசையில் தெளிவாகச் சொன்னதை அவர் அங்கே மங்கலாகச் சொல்கிறார் என்றே தோன்றுகிறது.

அவருடைய தன்வரலாறு 2011இல் வெளிவந்தது. தலைப்பு 'இங்கே, இப்போதே' என்ற பொருள்படும். புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பாகத்தில், நினைவின் பரந்த அறைகளுக்குள் புகுந்து தம்மையும் இறைவனையும் தேடுகிறார். குருமடத்தில் அதைப் பயின்ற நமக்கு, நினைவு போனால் மனிதர் எங்கே என்ற வினா அன்றே எழுந்தது. மார்ட்டினோ அந்த அறைகள் பூட்டப்பட்ட நிலையில் வாழ்ந்தவர். கடந்ததைப் பற்றிய ஏக்கமோ வருவதைப் பற்றிய அச்சமோ இன்றி, இருக்கும் கணத்தில் இருப்பதையே அவர் தம் மெய்யறிவாகக் கொண்டார். மறதிநோயால் வாடும் முதியோரைக் கவனிக்கும் குடும்பங்கள் இதை ஆறுதலாக ஏற்குமா? எளிதில் ஏற்காது. மறந்தவருக்கு இக்கணம் போதுமானதாக இருக்கலாம். மறக்கப்பட்ட தாய்க்கும் தந்தைக்கும் அது போதாது. இசைத்தட்டை ஓயாமல் ஓடவிட்ட அத்தந்தையை நாம் குறைகூற மாட்டோம்.

2018 இறுதியில் இத்தாலியப் பயணத்தை முடித்துத் திரும்பியபின் நுரையீரல் நோய் அவரை வீழ்த்தியது. பிராணவாயுக் கருவியின்றி மூச்சுவிட முடியவில்லை. கிட்டாரைத் தூக்கி வாசிக்கும் வலிமையும் போயிற்று. நண்பர்களும் மாணவர்களும் மருத்துவச் செலவுக்கு நிதி திரட்டினர். 1980இல் இசை அவரை மறந்திருந்தது, உடல் இருந்தது. இம்முறை இசை முழுவதும் உள்ளே இருந்தது, உடல் இல்லை. இரண்டாவதன் கதையை எவரும் படமாக்கவில்லை. அதில் மீள்வருகை இல்லை அல்லவா?

அவர் பதிவுகள் இன்று கணினியில் எளிதில் கேட்கக் கிடைக்கின்றன. புதிதாகக் கேட்க விரும்பும் வாசகர்கள் 1976ஆம் ஆண்டின் அந்த இருவர் தட்டிலிருந்து தொடங்கட்டும். பிறகு 'சன்னி'. அதன்பின் இரண்டு 'எல் ஓம்ப்ரே' பதிவுகளையும் சேர்த்துக் கேட்கட்டும். 'மீள்வருகை'யை இறுதிக்கு வைத்துக்கொள்ளலாம்.