நவரசமும் விசாரணைக் கோவையும்

கவிதையைப் பிழையாக விளங்கிக்கொள்ளும் வாசகர் எக்காலத்திலும் இருந்துள்ளனர். அவர்களால் கவிஞனுக்கு நேரும் நட்டம் பெரிதன்று. புத்தகம் நான்கு பிரதி குறைவாக விலைப்படும், அவ்வளவே. ஆனால் அத்தகைய வாசகரின் கையில் தடுப்புக்காவல் ஆணையும் இருக்குமாயின் நிலைமை வேறாகிவிடுகின்றது. மன்னாரமுது அஹ்னாப் என்ற பெயரில் எழுதிய அஹ்னாப் ஜஸீம் 2017இல் வெளியிட்ட ‘நவரசம்’ என்னும் கவிதைத் தொகுதிக்கு நேர்ந்தது இதுவே. 2020 மே 16ஆம் திகதி பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவர் கைது செய்யப்பட்டார். புத்தளம் பகுதியில் தமிழ் கற்பித்த இளம் ஆசிரியர் அவர். 2021 டிசெம்பரிலேதான் பிணை கிடைத்தது. 2023 டிசெம்பர் 12இல் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது.

விடுதலையோடு சட்டத்தரணிகளின் பணி நிறைவெய்தியிருக்கலாம். இலக்கியம் கற்பிக்கும் எமது பணி இன்னும் தொடங்கவேயில்லை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் தற்காலிக ஏற்பாடு என்றுதான் வந்தது, 1982இல் நிரந்தரமாயிற்று. அதன் 9ஆம் பிரிவு, மும்மூன்று மாதங்களாகப் பதினெட்டு மாதம் வரை ஒருவரை அமைச்சரின் ஆணையால் அடைத்துவைக்க இடமளித்தது. 10ஆம் பிரிவு, அவ்வாணையை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்தலாகாது என்றது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் வரை நிலைமை இதுவே. ஆகவே 2021 ஏப்ரலில் அஹ்னாப்பின் சார்பில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்யப்பட்டபோது, ஏறத்தாழ ஓராண்டு கழிந்திருந்தும் குற்றப்பத்திரம் எதுவும் அவர்மீது இருக்கவில்லை. சட்டத்தரணியோடு தனித்துப் பேச முடியாமை, எலிகள் திரியும் தடுப்பறை ஆகியன அக்காலத்து முறைப்பாடுகள். இவற்றினும் கொடிது ஒன்றுண்டு: எந்தக் கவிதையின் எந்த அடி குற்றமுடையது, அதை அவ்வாறு பொருள்கொண்டவர் யார் என்பதைப் பொதுமக்கள் முன் எவரும் வைக்கவில்லை.

காரணத்தை மறைப்பது சிறைப்படுத்தலின் பழைய துணை. 1950இல் பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் சென்னை மாநிலச் சிறையில் இருந்தவாறு இந்திய உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்கை இங்கு நினைவுகூரலாம். தாம் அடைக்கப்பட்ட காரணத்தைக் கைதி நீதிமன்றத்துக்குக்கூட வெளிப்படுத்தலாகாது என்று அன்றைய தடுப்புக்காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவு விதித்திருந்தது. கோபாலன் வழக்கில் தோற்றார். தடுப்புக்காவல் சட்டம் நிலைத்தது. எனினும் அந்த 14ஆம் பிரிவை மட்டும் நீதிபதிகளால் ஏற்க முடியவில்லை, செல்லாதென்று தள்ளினர். காரணத்தைப் பார்க்க முடியாத நீதிமன்றம் எதைக் கொண்டு நீதி வழங்கும்?

இனிக் கவிதைக்கு வருவோம். விசாரணையாளரின் மொழி சிங்களம். கவிதையின் மொழி தமிழ். இடையில் நின்றது மொழிபெயர்ப்பு. பின்னர் சுயாதீனமான மொழிபெயர்ப்பாளர்கள் அதே கவிதைகளை ஆங்கிலத்தில் தந்தபோது, அவற்றில் வன்முறைக்கும் போருக்கும் எதிரான குரலையே கண்டனர். ஒரே நூல் எவ்வாறு இரண்டு நூலாயிற்று? விடை எமது உயர்தர வகுப்பிலேயே உண்டு. அகப்பாடலில் தலைவி கூற்று, தோழி கூற்று என்று பிரித்துக் கற்பிக்கின்றோமே, அதன் பயன் என்ன? பாட்டில் பேசுபவரும் பாட்டை எழுதியவரும் ஒருவரல்லர் என்பதுதான். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் அடுகின்றன. அதற்காகச் செயங்கொண்டாரைக் கொலைக்குத் தூண்டியவர் என எவரும் கூறுவதில்லை. தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளுள் வெகுளியும் ஒன்று. நவரசமென்று ஒன்பதாக எண்ணுவோர் சாந்தத்தையும் சேர்த்தே எண்ணினர். தலைப்பிலேயே ஒன்பது உணர்ச்சிகளை அறிவித்த நூலில் ஓர் உணர்ச்சியை மட்டும் பிரித்தெடுத்துக் குற்றமாக்குவது வாசிப்பாகாது, அது சோதனையிடல்.

அஹ்னாப்புக்காகக் குரல் கொடுத்த நண்பர் சிலர் அவரைப் பெருங்கவிஞராக நிறுவ முயன்றனர். இது தேவையற்றது என்பது எமது கருத்து. கவிதையின் தரம் வேறு விவாதம். சாதாரணக் கவிதை எழுதுபவனுக்கும் வெளியே நடமாடும் உரிமை உண்டு.

தமிழ் விமரிசகர் இவ்வழக்கில் என் செய்தனர்? கவிஞர்களும் மனித உரிமையாளர்களும் பேசினர். பாடம் சொல்லும் நாம் பெரும்பாலும் வாய்திறக்கவில்லை. காத்தான்குடியில் எமது மௌனத்துக்குக் காரணம் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் தொழுகையிலிருந்தோரைப் பறிகொடுத்த ஊர் இது. பயங்கரம் என்றால் என்னவென்று எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் 2019 ஏப்ரலுக்குப் பின் ஊர் முழுவதுமே சந்தேகத்துக்குள்ளாயிற்று. அரபு எழுத்துள்ள நூல்கள் அலுமாரிகளிலிருந்து மறைந்தன. பின்னர் தமிழ் நூல்களையும் புரட்டிப் பார்த்தே வைத்தோம். 2021இல் மாணவர் கையெழுத்துச் சஞ்சிகைக்குப் பதினோராம் தரத்துப் பையன் ஒருவன் கவிதை தந்தான். அதில் ‘வாள்’ என்று ஒரு சொல். எவரும் கேட்காமலே நாம் அதை அடித்துக் ‘கோல்’ என்று எழுதினோம். ஓசையும் கெட்டது, பொருளும் கெட்டது. “ஏன் சேர்?” என்று கேட்டான். எதுகைக்காக என்று பொய் சொன்னோம்.

தகவலறியும் உரிமை அரசியலமைப்பின் 14அ உறுப்புரையில் 2015 முதல் உள்ளது. அதற்கான 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், விண்ணப்பத்துக்குப் பதினான்கு வேலைநாள்களுள் முடிவு கூற வேண்டும் என்கின்றது. தேசிய பாதுகாப்பு என்று மறுப்பதற்கும் அதில் வழியுண்டு என்பதை அறிவோம். விடுவிக்கப்பட்ட ஒருவரின் கவிதையில் என்ன பாதுகாப்பு அடங்கியிருக்கின்றதென்று மேன்முறையீட்டில் கேட்கலாம். குற்றஞ்சாட்டப் பயன்பட்ட மொழிபெயர்ப்பு முழுவதையும் கேட்டுப் பெற்று, மூலத்தை இடப்பக்கத்திலும் அதை வலப்பக்கத்திலும் அச்சிட்டு, அடி அடியாக உரை எழுத வேண்டும். தமிழும் சிங்களமும் அறிந்த ஆசிரியர் கிழக்கிலும் வடமேற்கிலும் குறைவாக இல்லை. இருவர் மூவர் முன்வருவராயின் விண்ணப்பத்தை நாமே எழுதுகின்றோம்.