மருட்கையும் திரைப்படமும்

வியப்பை மருட்கை என்னும் தொல்காப்பியம், அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கால் பிறக்கும் என்கிறது. திரைப்படத்தின் தந்திரக் காட்சிகளை நிறுக்கவும் இந்நான்கும் நல்ல எடைக்கற்களே.

1933-இல் வெளிவந்த ‘கிங் காங்’ படத்தில் வில்லிஸ் ஓபிரையன் ஒன்றரை அடிப் பொம்மைக் குரங்கைச் சிறிது சிறிதாக அசைத்து, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே படமாக்கினார். அன்று மக்கள் மலைத்தனர். 1993-இல் ‘ஜுராசிக் பார்க்’ கணினியின் துணையால் பழங்கால விலங்குகளை ஓடவிட்டபின் நம் கண்ணின் அளவுகோலே மாறிவிட்டது. இன்று பள்ளிச் சிறுவனும் அக்குரங்கின் தடுமாற்றத்தைக் கண்டு நகைப்பான். புதுமை விரைவில் பழையதாகும்.

ஏனைய மூன்றும் அவ்வாறு தேய்வதில்லை. வானளாவிய கட்டடத்தின் உச்சியிலிருந்து குரங்கு வீழும்போது, பெருமையின் வீழ்ச்சி இன்றும் நெஞ்சைத் தொடுகிறது. 1957-இல் வந்த ‘மாயா பஜார்’ படத்தில் கடோத்கசன் வத்சலையாக உருமாறுகிறான். உருமாற்றம் நொடிப்பொழுதுத் தந்திரமே. பின்னர்ச் சாவித்திரி தம் நடையாலும் பார்வையாலும் அரக்கனைக் காட்டும்போதுதான் ஆக்கம் நிறைவுறுகிறது. 2012-இன் ‘நான் ஈ’ சிறுமையைக் கொண்டே வென்றது: அற்ப ஈ ஒன்று தன்னைக் கொன்றவனைப் பழிவாங்குகிறது.

இன்று திரையில் நகரங்கள் இடிந்து விழுகின்றன. நாமோ கொட்டாவி விடுகிறோம். புதுமை ஒன்றையே நம்பிய படங்களுக்கு இதுவே கதி. பழம்படம் கண்டு நகைக்கும் மாணவனுக்கு ஆசிரியர் மெய்ப்பாட்டியலைக் கற்பிக்க, இதைவிட நல்ல வாய்ப்பு ஏது?