ஃப்ரிட்ஜைத் திறக்கலாமா?

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பார்கள் நம் ஊரில். பத்து மாதம் தங்க வரும் விருந்தாளியை என்ன செய்வது?

ரோட்டரியின் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு ஒரு கேள்விப் பட்டியல் உண்டு. போய் இறங்கிய முதல் ராத்திரியே வீட்டுக்காரர்களிடம் கேட்டுவிட வேண்டும். உங்களை எப்படிக் கூப்பிடுவது, அம்மா என்றா, பெயர் சொல்லியா? அழுக்குத் துணியை எங்கே போடுவது? எப்போது குளிக்கலாம்? பசித்தால் நானே எடுத்துச் சாப்பிடலாமா, கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டுமா? படித்தால் சிரிப்பு வரும். பதினாறு வயதில், பாஷை புரியாத வீட்டில் இருந்து பாருங்கள். ஐ.நா. சாசனத்தைவிட முக்கியமான ஆவணம்.

இந்தக் கேள்விகளை மனசில் வைத்துக்கொண்டு 'ஏலியன்ஸ் இன் அமெரிக்கா' பார்த்தேன். 2007-ல் அமெரிக்க டி.வி.யில் ஆரம்பித்து, 18 எபிசோடுகளோடு 2008-ல் நின்றுபோன காமெடி சீரியல். விஸ்கான்சினில் ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடத்தில் யாரும் சீந்தாத தன் பையனுக்கு ஒரு சிநேகிதன் கிடைக்கட்டும் என்று வெளிநாட்டு மாணவன் ஒருவனை வீட்டில் வைத்துக்கொள்ள அம்மா ஏற்பாடு செய்கிறாள். அவள் எதிர்பார்த்தது தங்க நிறத் தலைமுடியோடு, விளையாட்டு வீரன் மாதிரி ஒரு ஐரோப்பியப் பையனை. வந்து இறங்குவது பாகிஸ்தானிலிருந்து ராஜா. வேளை தவறாமல் தொழுகிற பையன். திருப்பி அனுப்ப முடியுமா என்று பார்க்கிறாள், ஜவுளிக்கடையில் புடவை மாற்றுகிற மாதிரி.

கதை ஆகாசத்திலிருந்து குதித்ததல்ல. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளிலிருந்து பள்ளி மாணவர்களை வரவழைத்து அமெரிக்கக் குடும்பங்களோடு தங்கவைக்கும் திட்டம் ஒன்றை அந்த அரசாங்கமே 2002-ல் ஏற்படுத்தியது. நிஜ ராஜாக்கள் நிறையப் பேர் போய் வந்திருக்கிறார்கள்.

முதல் எபிசோடில் ஒரு வகுப்பறைக் காட்சி. ராஜா மேல் யாருக்கெல்லாம் கோபம் என்று டீச்சர் கனிவாகக் கேட்க, கைகள் உயர்கின்றன. சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வெட்கப்படுவீர்கள். ராஜாவாக வரும் அதிர் கல்யாண், இந்திய வம்சாவளித் தென்னாப்பிரிக்கர். ரொம்ப அடக்கமான நடிப்பு.

என் புகார் வேறு. ராஜா அநியாயத்துக்கு நல்லவன். மரியாதை, பணிவு, பக்தி எல்லாம் உண்டு. எப்போதாவது சிக்கலில் மாட்டினாலும், அதற்கும் அவன் நல்ல மனசுதான் காரணம். இதற்கு முன்னால் 1984-ல் 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' என்ற ஹாலிவுட் படத்தில் இதேபோல் தங்க வந்த ஆசிய மாணவன் ஒருவன் உண்டு. அவன் தலை தெரிந்தாலே பின்னணியில் கோயில் சேகண்டி மாதிரி 'டொய்ங்' என்று ஒரு சத்தம். முழுக் கோமாளி. 23 வருஷத்தில் கோமாளி மகானாகிவிட்டான். முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் கோமாளியும் சரி, மகானும் சரி, வீட்டுப் பிள்ளை இல்லை. சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறவன் குறையே இல்லாதவனாக இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்பது, உபசாரம் போட்டுக்கொண்ட நிபந்தனை.

நண்பரின் மகள் ஜெர்மனியில் ஒரு குடும்பத்தோடு பத்து மாதம் இருந்தாள். முதல் இரண்டு வாரம் அரைப் பட்டினி. 'இன்னும் கொஞ்சம்?' என்றால் நாம் ஒரு தடவை 'போதும்' என்போம். இரண்டாவது தடவை கேட்பார்கள் என்ற நம்பிக்கை. அங்கே 'போதும்' என்றால் போதும், தட்டு போய்விடும். மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி பசி தாங்காமல் ஃப்ரிட்ஜைத் திறந்து பாலாடைக்கட்டியை ஒரு கை பார்த்திருக்கிறாள். காலையில் அந்த அம்மாள் திட்டினாராம். சாப்பிட்டதற்கு இல்லை. ஃப்ரிட்ஜைச் சரியாக மூடாமல் விட்டதற்கு, தன் சொந்தப் பெண்ணைத் திட்டுகிற அதே குரலில்.

''அன்னிக்குத்தான் அங்கிள் ஊர் ஞாபகம் கொஞ்சம் குறைஞ்சுது'' என்றாள்.

பதினெட்டு எபிசோடிலும் ராஜாவுக்கு யாராவது அப்படி ஒரு திட்டுக் கொடுத்திருக்கலாம்.