நோயாளியின் சொல்: யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் நோய் வரலாறு கேட்டல்

மருத்துவ மாணவர் ‘ஹிஸ்டரி எடுத்தல்’ என்று வழங்கும் பயிற்சியானது, நோயாளியின் படுக்கையருகே சென்று, அவரை ஆஸ்பத்திரிக்கு வரவைத்த முதன்மைக் குறை, அது தொடங்கி வளர்ந்த விதம், முன்பு கண்ட நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், குடும்பத்தாரின் நோய்கள், தொழில், வாழ்நிலை என்னும் வரிசையில் வினவி, கேட்டவற்றை ஆங்கிலத்தில் எழுதி ஆசிரியர் முன் ஒப்புவிப்பதாகும். 1835இல் தோன்றிய சென்னை மருத்துவக் கல்லூரிக்கும் 1978இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்கும் இவ்வரிசை பொதுவானதே எனினும், நோயாளி பேசும் தமிழும் அவரருகே இருப்போரும் வேறுபடுவதால், முதன்முறையாக வார்டுக்குள் நுழையும் மாணவர் தடுமாறும் இடங்களும் வேறுபடுகின்றன.

யாழ்ப்பாணத்தார் நோயை ‘வருத்தம்’ என்பர். தமிழ்நாட்டின் வாந்தி அங்கே ‘சத்தி’, வயிற்றுப்போக்கு ‘வயித்தாலடி’, ஜலதோஷம் ‘தடிமன்’. இத்தகைய வேறுபாடுகளைச் சில நாட்களில் கற்றுக்கொள்ளலாம். கடினமானவை, தெரிந்தனபோலத் தோன்றும் சொற்களே. ‘மயக்கமா வருது’ என்று தமிழ்நாட்டு நோயாளி ஒருவர் கூறும்போது, தலை சுற்றியதையோ, கண் இருண்டதையோ, நினைவிழந்து விழுந்ததையோ அவர் குறிக்கலாம்; சுற்றல் உட்செவிக் கோளாற்றால் நேரலாம், நினைவிழப்பு இதயத் துடிப்பின் பிறழ்வாலோ வலிப்பாலோ நேரலாம் என்பதால், மேலும் வினவாமல் ஆங்கிலச் சொல்லொன்றை எழுதிவிடும் மாணவர், நோயறிதலையே தவறான வழியில் தொடங்கிவிடுகிறார்.

தமிழறியாத மாணவரும் இரு நிலத்திலும் உள்ளனர். யாழ்ப்பாண பீடத்தில் சிங்கள மாணவர் பயில்கின்றனர். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் 15 விழுக்காட்டு எம்.பி.பி.எஸ். இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு உரியவை என்பதால், பிற மாநிலத்தாரும் அவற்றில் சேர்கின்றனர். இந்தியாவில் 2019இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், தொடக்கப் பயிற்சியில் வட்டார மொழியையும், பின்னர் நோயாளியோடு உரையாடும் முறையையும் பாடமாகவே சேர்த்தது. இது பாராட்டத்தக்க ஏற்பாடு.

ஆனால் உரையாடல் நிகழும் சூழலைப் பாடத்திட்டம் மாற்றிவிடாது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் ‘அட்டெண்டர்’ எனப்படும் உறவினர் பெரும்பாலும் நோயாளியுடனேயே இருப்பதால், கேள்வி நோயாளியிடம் போக, விடை மனைவியிடமிருந்தோ மகனிடமிருந்தோ வருகிறது. குடிப்பழக்கம் பற்றிய கேள்விக்கு அவர்கள் முன்னிலையில் உண்மை கிடைப்பது அரிது. இலங்கையில் பார்வையாளர் நேரம் வரையறுக்கப்பட்டிருப்பதால், நோயாளி பெரும்பாலும் தனித்திருந்து தாமே பேசுகிறார். இங்கே சோதனை வேறுவகையானது: முன்பு தங்கிச் சென்றபோது கொடுக்கப்பட்ட ‘டயக்னோசிஸ் கார்ட்’ என்னும் சுருக்கக் குறிப்பு கையிலிருந்தால், கேட்காமலே அதைப் பார்த்தெழுதும் ஆசை மாணவருக்கு எழுகிறது. பிறர் எழுதிய முடிவைப் பெயர்த்தெழுதுவது வரலாறு கேட்பதாகாது.

இலங்கையின் வடக்கில் மிகக் கனமான கேள்வி குடும்பத்தைப் பற்றியது. பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் உயிருடன் உள்ளனரா, இறந்திருந்தால் எந்த நோயால் என்பது எல்லா நாட்டிலும் கேட்கப்படும் சாதாரண வினாவே. 2009இல் முடிந்த போரில் பிள்ளையை இழந்தவரிடமும், காணாமல் ஆக்கப்பட்டவரை இன்றும் தேடுபவரிடமும் அது கேட்கப்படும்போது, ‘எந்த நோயால்’ என்னும் கட்டத்தில் எழுத மாணவரிடம் எதுவும் இருப்பதில்லை. அவ்வேளையில் பேனாவை வைத்துவிட்டு, நோயாளி பேசி முடிக்கும்வரை அருகே இருப்பதும் மருத்துவப் பயிற்சியே. ஆசிரியர் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். இன்று இரு நிலத்திலும் பயிற்றுமொழி ஆங்கிலம். அதை உடனே மாற்ற இயலாது. எனினும், முதன்மைக் குறையைப் பதியும் முதல் வரியையேனும் நோயாளி சொன்ன சொல்லிலேயே, தமிழ் எழுத்திலேயே எழுதும்படி யாழ்ப்பாணத்து ஆசிரியரும் தமிழ்நாட்டு ஆசிரியரும் தம் மாணவரைப் பணிப்பார்களாக.