நாலாயிரம் எழுத்தில் ஓர் ஆச்சி

2025 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடைத்தாள் கட்டு ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து அக்கா அழைத்தாள். "ஏட்டி, பிள்ளை டாக்டருக்குப் படிக்க அப்ளிகேஷன் போடுதா. தன்னப் பத்தி ஒண்ணு எழுதணுமாம்லா. நீதான எழுத்துக்காரி, ஒரு கண்ணு பாத்துக் குடு." ஐந்து நிமிடத்தில் வாட்ஸப்பில் கோப்பு வந்து விழுந்தது.

பிரிட்டனில் மருத்துவம் படிக்க விரும்புகிறவர்கள் யூகாஸ் என்ற பொது அமைப்பு வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 15. அதிகபட்சம் நான்கு மருத்துவக் கல்லூரிகள், நான்குக்கும் ஒரே பர்சனல் ஸ்டேட்மென்ட். மொத்தம் 4000 எழுத்துகள், சொற்களுக்கு இடையே விடும் வெற்றிடமும் அதில் கணக்கு. 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். இந்தப் படிப்பு ஏன் வேண்டும், இதுவரை படித்தது இதற்கு எப்படித் தயார்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தாய், அது எதற்கு உதவும். வெற்றிடத்துக்கும் விலை வைத்திருக்கும் இந்த வடிவத்தை முதலில் ஒரு செய்யுள் வடிவம் போலத்தான் பார்த்தேன். வெண்பா எழுதுகிறவளுக்கு இருக்கும் நெருக்கடிதான் இந்தப் பதினேழு வயதுப் பெண்ணுக்கும்.

அவள் அனுப்பியதின் முதல் வரி, சிறு வயதிலிருந்தே மனித உடலின் இயக்கம் தன்னை வியக்க வைத்தது என்றது. இரண்டாவது பத்தியில் திருநெல்வேலியில் ஒரு பாட்டி. நெடுநாள் நோயாளி. பேத்தி விடுமுறைக்குப் போய் அவரைக் கவனித்துக்கொள்கிறாள், மருத்துவராக முடிவெடுக்கிறாள். பிறகு சாதனைகளின் பட்டியல்: நூலகத்தில் தன்னார்வப் பணி, வயலின், உயிரியல் மன்றத் துணைத்தலைவி. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஒரு ஆளும் இல்லை.

அந்தப் பாட்டி என் அம்மா. அதனால்தான் இந்தப் பிரதியை விமர்சனம் செய்ய எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்ற சந்தேகத்தோடு இதை எழுதுகிறேன்.

2007இல் யூகாஸ் ஒரு சோதனை நடத்தியது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜுக்கும் மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவத்துக்கும் விண்ணப்பித்த ஏறத்தாழ 50,000 பேரின் கட்டுரைகளை ஒப்புமை காணும் மென்பொருளில் போட்டுப் பார்த்தார்கள். 234 பேர் எட்டு வயதில் வேதியியல் பரிசோதனை செய்து தங்கள் பைஜாமாவில் ஓட்டை போட்டிருந்தார்கள். 175 பேருக்கு முதுமையால் நொடித்துப்போன ஒரு தாத்தா இருந்தார். மனித உடலின் இயக்கம் வியக்க வைத்தவர்களும் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். இணையத்தில் கிடைத்த மாதிரிக் கட்டுரைகளிலிருந்து எடுத்தவை இவை. இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு அந்தத் தாத்தாவை யார் கவனித்துக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியதும் நின்றுவிட்டது. மகளோ மருமகளோ கூலிக்கு வந்த பெண்ணோ யாரோ மலம் அள்ளியிருப்பாள், துணி அலசியிருப்பாள். கட்டுரையில் தாத்தா படுத்திருக்கிறார், பேரன் மருத்துவராக முடிவெடுக்கிறான். நடுவில் வேலை செய்தவள் மட்டும் இல்லை. இந்த வகைமையின் ஆதிக் குறை திருட்டு என்று நான் நினைக்கவில்லை. நோயும் லட்சியமும் மட்டும் இருக்கும், பராமரிப்பு இருக்காது என்பதுதான் குறை. மருத்துவமோ பெரும்பாலும் பராமரிப்பு.

எங்கள் வீட்டுப் பிரதியிலும் அதே கதை. அம்மாவைக் கவனித்தது நானும், காலையும் மாலையும் வந்துபோகும் பக்கத்துத் தெரு அக்காவும். பேத்தி இருந்தது மூன்று வாரம்.

அன்றிரவே அவளைக் கூப்பிட்டேன். "ஆச்சிக்கு என்ன வியாதின்னு ஏன் எழுதல?" என்றேன். பேச்சு நின்றது. "சொன்னா ஆச்சிக்கு அசிங்கம்ல சித்தி?"

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் அனுமதி இருக்கிறது. எங்களைப் பெற்ற பத்தாம் நாளே குடம் தூக்கியவள் என் அம்மா. பீடி சுற்றக் குனிந்த முதுகு நிமிர்ந்ததே இல்லை. அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கியிருந்தது. இடுப்பின் அடித்தளத் தசைகளும் அவற்றோடு சேர்ந்து கருப்பையைத் தாங்கும் இழைகளும் தளர்ந்துபோவதால் வருவது. பல பிரசவம், பாரம் தூக்குவது, ஓயாத இருமல், மாதவிடாய் நின்ற பிறகு வரும் தளர்ச்சி எல்லாம் சேர்ந்துகொள்ளும். அபூர்வமான நோயே இல்லை. பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு ஒன்பது வருடம் யாரிடமும் சொல்லாமல் நடமாடினாள். அந்த ஒன்பது வருடத்தில் நான் இரண்டு கவிதைத் தொகுப்புகள் வெளியிட்டேன். இரண்டிலும் கருப்பை என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்க்க இப்போது மனமில்லை.

2022 கோடையில் பேத்திக்குப் பதினான்கு வயது. குளியலறையில் வழுக்கிய ஆச்சியைத் தூக்கப் போனவள் துணியைப் பார்த்திருக்கிறாள். என்ன என்று கேட்டிருக்கிறாள். "அடி இறங்கிட்டு" என்றாள் ஆச்சி. பிள்ளைக்கு வீட்டுத் தமிழ் மட்டும்தான் தெரியும். அவள் அறிந்த 'அடி' ஒன்றுதான். "யாரு அடிச்சாங்க ஆச்சி?" என்று கேட்டாளாம். எங்கள் பெண்களின் இடக்கரடக்கல் எதுவும் அவளிடம் செல்லுபடியாகவில்லை. ஆச்சி காட்டவே வேண்டியிருந்தது. பிள்ளை என்னிடம் ஓடிவந்தாள். மறுநாள் ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். அறுவை வேண்டாம் என்று அம்மா அடம்பிடித்ததால் ரிங் வைத்தார்கள். அதை எப்படி எடுத்துக் கழுவி மறுபடி வைப்பது என்று ஒரு நர்ஸ் அரை மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

பேத்தியின் கட்டுரையில் இது எதுவும் இல்லை. 'நெடுநாள் நோய்' என்ற ஒரு தொடர் எல்லாவற்றையும் மூடியிருந்தது. அம்மா ஒன்பது வருடம் மடித்து வைத்த துணியின் ஆங்கில வடிவம் அது.

இந்த இடத்தில் ஆனந்திபாய் ஜோஷியின் கடிதம் நினைவுக்கு வந்தது. 1883இல் பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டு அவர் எழுதியது. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. நண்பர்களும் சாதியாரும் எதிர்த்தும் கடல் தாண்டி வந்த மன உறுதியையே தன் தகுதியாக முன்வைக்கிறார். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டுவதைவிடச் சாகவும் தயாராக இருக்கும் தன் நாட்டுப் பெண்களுக்காகவே படிக்க வந்ததாகச் சொல்கிறார். பதினான்கு வயதில் அவர் பெற்ற குழந்தை பத்தே நாளில் இறந்துபோனது. நான் வாசித்த அந்தக் கடிதத்தில் அந்தக் குழந்தை இல்லை. இன்றைய ஆலோசகர் ஒருவர் கையில் அது கிடைத்திருந்தால், குழந்தையின் மரணத்தை முதல் வரிக்குக் கொண்டுவா என்றிருப்பார். ஆனந்திபாய் 1886இல் பட்டம் பெற்றார், மறு ஆண்டே காசநோயில் இறந்தார். பிராமணப் பெண்ணான அவர் 'என் நாட்டுப் பெண்கள்' என்று எல்லோருக்குமாகப் பேசுவதை இன்று நாம் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனாலும் தன் காயத்தைக் காட்டிச் சலுகை கேட்காத அந்த நிமிர்வு எனக்குப் பிடிக்கும்.

அவருக்கு முன்பே, 1847இல், எலிசபெத் பிளாக்வெல் அமெரிக்காவின் ஜெனீவா மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது ஆசிரியர்கள் முடிவை மாணவர்களிடம் விட்டார்கள். மாணவர்கள் அதை வேடிக்கை என்று நினைத்து ஒருமனதாகச் சம்மதித்தார்கள். நகைச்சுவையாகப் படிக்கப்பட்ட ஒரு விண்ணப்பம் அது. என்ன எழுதுகிறோம் என்பதைப் போலவே யார் படிக்கிறார்கள் என்பதும் ஒரு கேள்வி. லண்டன் செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவக் கல்லூரியில் 1980களில் விண்ணப்பங்களைச் சலிக்க ஒரு கணினி நிரல் இருந்தது. பழைய தேர்வாளர்களின் முடிவுகளைப் பார்த்து அப்படியே செய்யும்படி அமைக்கப்பட்டது. பெண் என்றாலும் ஐரோப்பியம் அல்லாத பெயர் என்றாலும் மதிப்பெண்ணைக் குறைத்தது. இன சமத்துவ ஆணையம் 1988இல் இதைக் கண்டித்தது. எந்திரம் மனிதர்களிடம் கற்றதைத்தான் செய்தது. என் அக்கா மகளைப் போன்ற ஒருத்தி அன்று விண்ணப்பித்திருந்தால் அவள் இருமடங்கு குற்றவாளி.

மதிப்பெண் மட்டும் போதும் என்று சொல்லிவிடவும் முடியவில்லை. டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வில் பெண்களின் மதிப்பெண்களைத் திட்டமிட்டுக் குறைத்து வந்தது 2018இல்தான் வெளியே வந்தது. நம் ஊரில் யாரும் 'ஏன் மருத்துவம்' என்று கேட்பதே இல்லை, தரவரிசை எண் பேசும். பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதாவுக்கு, அவள் எந்த வீட்டிலிருந்து வந்தாள், அந்த மதிப்பெண்ணுக்கு என்ன விலை கொடுத்தாள் என்று எழுத நாலாயிரம் எழுத்து யார் கொடுத்தார்கள்? கொடுத்திருந்தாலும் அங்கே இருக்கும் சிக்கல் வேறு. மருத்துவமனையில் ஒரு வாரம் நின்று பார்க்க அனுமதி வாங்கித் தர யார் வீட்டில் டாக்டர் மாமா இருக்கிறாரோ, எழுதித் திருத்த யார் வீட்டில் பணம் இருக்கிறதோ, அவர்கள் கட்டுரைதான் பளபளக்கும். பிரிட்டனிலேயே சில மருத்துவக் கல்லூரிகள் இதற்கு மதிப்பெண் போடுவதில்லை. யூகேட் தேர்வையும் நேர்காணலையும்தான் நம்புகின்றன. இதை அக்காவிடம் சொன்னேன். "அப்போ எதுக்குட்டி எழுதச் சொல்லுதான்?" என்றாள். நியாயமான கேள்வி.

கட்டுரைக்குத் திரும்புகிறேன். இரண்டாம் முறை படிக்கும்போது வினைச்சொற்களின் கீழே கோடு போட்டேன். 'வாய்ப்புப் பெற்றேன்', 'அனுமதிக்கப்பட்டேன்', 'உதவ முடிந்தது', 'அதிர்ஷ்டவசமாக அமைந்தது'. பதினேழு வயதில் அவள் செய்த எல்லாமே யாரோ தந்ததாக இருந்தது. தமிழில் 'எனக்குக் கிடைத்தது' என்பது இயல்பான தொடர், அங்கே 'நான்' எழுவாயாக நிற்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அந்தப் பணிவுக்கு ஒரு பெண்மைச் சாயல் வந்துவிடுகிறது. என் மாணவிகளின் வேலை விண்ணப்பங்களிலும் இதையே பார்க்கிறேன். பெண்களைப் பற்றி மற்றவர்கள் எழுதும்போதும் அப்படித்தான். அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியப் பணிக்கு வந்த 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஃபிரான்சஸ் டிரிக்ஸ், கேரலின் சென்கா இருவரும் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். பெண்களுக்கான கடிதங்கள் சுருக்கமாக இருந்தன. உழைப்பாளி, பொறுப்பானவர் என்ற வகைப் பாராட்டும், மறைமுகமாகச் சந்தேகம் கிளப்பும் வாக்கியங்களும் அவற்றில் அதிகம்.

ஆகவே அவளிடம் மூன்று வேலைகள் சொன்னேன். நீ செய்ததைச் 'செய்தேன்' என்று எழுது. நீ செய்யாததை, அதாவது ஆச்சியைப் பராமரித்ததை, எடுத்துவிடு, செய்தவர்கள் யாரென்று குறிப்பிடு. பட்டியலில் உள்ள பத்தில் எட்டை வெட்டு, மிச்சம் இரண்டில் உனக்கு என்ன புரியாமல் போனது என்று எழுது. கடைசிதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. தெரியாததைச் சொன்னால் இடம் கிடைக்குமா என்று பயந்தாள். மருத்துவராக வேண்டியவளிடம் நான் எதிர்பார்க்கும் முதல் குணமே அதுதான் என்றேன்.

மிச்சமிருந்தது ஆச்சி. அந்தக் கதைதான் அவளுடைய ஒரே உண்மையான காரணம். நாலாயிரம் எழுத்துக்குள் அவளிடம் உயிருள்ள விஷயம் அது ஒன்றே. ஆனால் அது ஆச்சியின் உடல். வெள்ளைத் தேர்வாளர்களின் மேசையில் ஒரு கிராமத்துக் கிழவியின் கருப்பையை வைத்து இடம் வாங்கலாமா? நானும் அம்மாவைப் பற்றிக் கவிதை எழுதிப் பெயர் வாங்கியவள், எனக்கு இதில் நல்லவள் வேடம் போட முடியாது. இரண்டு நாள் யோசித்தோம். எனக்குக் கைகொடுத்தது நான் வகுப்பில் வருடாவருடம் நடத்தும் பாடம்தான். அகத்திணையில் யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்கிறது தொல்காப்பியம். அந்தரங்கத்தைப் பேசவும் வேண்டும், அந்தரங்கத்துக்கு உரியவரைக் காட்டிக்கொடுக்கவும் கூடாது. இரண்டாயிரம் வருடமாக நம் கவிதை செய்துவந்ததை இந்த விண்ணப்பத்திலும் செய்யலாமே என்றேன். அவளுக்கு அகத்திணை புரியவில்லை. "அதாவது கான்ஃபிடென்ஷியாலிட்டி" என்றாள். அதேதான்.

அவள் எழுதியது இப்படி வந்தது. ஒரு முதிய பெண் தன் நோயை ஒரு சொல்லில் சொன்னாள், அந்தச் சொல்லை நான் தப்பாகப் புரிந்துகொண்டு அவளை யாரோ அடித்ததாக நினைத்தேன். அவள் ஒன்பது வருடம் காத்திருந்தாள், யாரும் கேட்கவில்லை. அவள் குடும்பத்துப் பெண்கள் அவளை நாள்தோறும் குளிப்பாட்டி உணவூட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு மூன்றாவது கேள்வியில், கிழக்கு லண்டன் முதியோர் இல்லம் ஒன்றில் சனிக்கிழமைகளில் தேநீர் கொடுக்கப் போனது. அங்கே வங்காளப் பாட்டிகள் ஆண் பணியாளர் கேட்டால் "நல்லாருக்கேன்" என்று மட்டும் சொல்வதைக் கவனித்தது. எந்தச் சொல்லால் கேட்டால் பதில் வருகிறது என்று அவர்கள் மகள்களிடம் கேட்டுக் குறித்துவைத்தது. ஒருமுறை தப்பான சொல்லைப் பயன்படுத்தி ஒரு பாட்டியைக் கோபப்படுத்தியது. வயலின் போய்விட்டது. உடலின் இயக்கம் மேல் கொண்ட வியப்பும் போய்விட்டது.

'குளிப்பாட்டி உணவூட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்' என்ற வாக்கியத்தில் நானும் இருக்கிறேன். அது பாராட்டும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. ஆனால் 'யாரும் கேட்கவில்லை' என்பதற்கு அடுத்த வரியில் அதை வைத்திருக்கிறாள். ஒரு நல்ல விமர்சகியாக அந்த அடுக்கை மாற்றச் சொல்லவில்லை.

அக்டோபர் 13 இரவு அனுப்பினாள். பதினொரு எழுத்து மிச்சம். மறுநாள் காலை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"எம்பேரு இல்லல்லா?"

"இல்லம்மா."

"அப்போ சரி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ரிங்கு கழுவச் சொல்லித் தந்தாளே, அந்த நர்ஸம்மா. அவளப் பத்தி ஒண்ணுமே எழுதலயே?" என்றாள்.